ஏடும் வேண்டும், இரும்பும் வேண்டும்

சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டப் பாடசாலைகளில் க.பொ.த. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தும் எம் பிள்ளைகள் எங்கே போகின்றனர் என்ற கேள்வியைக் கல்வி அதிகாரிகள் கேட்பது அரிது. கேட்பாராயின் விடை எளிதிற் கிடைக்கும். சிலர் தாயின் கூடையையோ தந்தையின் பால்வெட்டுக் கத்தியையோ ஏற்றுத் தோட்டத்திலேயே பேர் பதிகின்றனர். சிலர் கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளுக்குப் பேருந்தேறுகின்றனர். பெண்பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் பிறர் வீடுகளுக்கும் போகின்றனர். இன்னுஞ் சிலர் அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலை முதலிய நகரங்களின் வீதியோரத்து வெல்டிங் பட்டறைகளில் எடுபிடிகளாகச் சேர்கின்றனர்.

இக்கடைசிப் பிரிவினரைப் பற்றியே இன்று எழுதத் துணிகிறோம். அப்பட்டறைகளுக்குள் பாடத்திட்டம் இல்லை, பரீட்சை இல்லை, சான்றிதழும் இல்லை. முகக்கவசம் முதலாளிக்கு ஒன்று இருக்கும். இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையனுக்கு இராது. அவன் கண்ணை மூடித் திறந்தே தொழிலைக் கற்கிறான். இரவில் கண்ணுக்குள் மணல் விழுந்தாற்போல் எரிவதைத் தொழிலின் இலக்கணமென்று நம்பிக்கொள்கிறான். ஐந்தாறு ஆண்டுகளில் கைத்திறன் படிகிறது. ஆனால், அத்திறனுக்குச் சாட்சி கூற ஒரு கடுதாசித் துண்டும் அவனிடம் இல்லாமையால், அவன் எத்துணைத் திறமுடையோனாயினும் எடுபிடிக் கூலியே அவனது கதியாகிறது.

ஆகவே, எம் பிள்ளைகளுக்கு இரும்புத்தொழில் கற்பிக்கலாமா கூடாதா என்று வாதிப்பதிற் பயனில்லை. அவர்கள் கற்றுக்கொண்டுதான் இருக்கின்றனர். பாடசாலைக் கூரையின் கீழ், ஆசிரியர் முன்னிலையில், கவசத்தோடும் கணக்கோடும் கற்பதா? அன்றித் தெருவோரத்திற் கண்ணைப் பறிகொடுத்துக் கற்பதா? எம்முன் நிற்கும் கேள்வி இதுவே. சப்பிரகமுவத் தோட்டப்பகுதித் தமிழ்ப் பாடசாலைகளின் உயர்வகுப்புகளில் உருக்கியொட்டலும் உலோகம் வெட்டுதலும் முறையான பாடமாக, முழு வசதிகளோடு, தாய்மொழியிற் கற்பிக்கப்படல் வேண்டும் என்று அரசினரையும் மாகாணக் கல்வித் திணைக்களத்தையும் நாம் வற்புறுத்துகிறோம்.

இரும்பு எம் மக்களுக்குப் புதியதன்று. தோட்டமென்றதும் பச்சைத் தளிரையும் பனிமூட்டத்தையும் பாடுவோர், அத்தளிர் மாலையில் எங்கே போகிறது என்பதைப் பார்ப்பதில்லை. எம்மவர் இஸ்டோர் என்றழைக்கும் தேயிலைத் தொழிற்சாலை முற்றும் இரும்பினாலானது. கொழுந்தைச் சுருட்டும் உருளைகள், உலர்த்தும் அடுப்புகள், சலிக்கும் சல்லடைகள், அவற்றைச் சுழற்றும் தண்டுகள், கூரையைத் தாங்கும் சட்டங்கள் யாவும் இரும்பே. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டைப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களிலும் பாலை உறைய வைத்துத் தகடாக்கும் உருளைகள் இல்லாமல் ஒருநாள் வேலையும் நடவாது. எம் மக்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அவ்வியந்திரங்களுக்கு இரைபோட்டு வந்துள்ளனர். அவற்றைப் பழுதுபார்க்கும் அறிவோ பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தது. இயந்திரம் உடைந்தால் ஆள் கொழும்பிலிருந்து வரவேண்டும். அதன் காலடியிற் பிறந்து வளர்ந்தவன் விளக்குப் பிடிக்க வேண்டும். இந்த ஏற்பாடு இயற்கை வகுத்ததன்று; கல்வி மறுக்கப்பட்டதன் விளைவாகும்.

அம்மறுப்பின் வரலாறு நீண்டது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவூட்டுவதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. பத்து வயதுக்குப் பின் பிள்ளைக்குக் கல்வி எதற்கு என்பதே அன்றைய ஆட்சியாளரின் எண்ணம் போலும்! 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோது, துரைமாரின் பொறுப்பிலிருந்த தோட்டப் பாடசாலைகள் அப்பயனைப் பெறவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் எம் மக்களை நாடற்றோராக்கியது. வாக்கில்லாதவனின் பாடசாலைக்கு எந்த மந்திரி கூரை வேய்வான்? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டபோது, எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னைக்கு ஒத்திவைக்கப்பட்டது. எந்த நாட்டில் வாழப்போகிறோம் என்றே அறியாத தாய்தந்தையர் தம் பிள்ளையின் தொழிலைப் பற்றி எவ்வாறு திட்டமிடுவர்?

1972இன் கல்விச் சீர்திருத்தம் முன்தொழிற் பாடங்களைப் பாடசாலைகளுக்குள் கொணர்ந்தது. அந்தந்த ஊரின் தொழிலை அந்தந்த ஊர்ப் பாடசாலையிலேயே கற்பிக்கலாம் என்ற நல்ல கருத்து அதில் இருந்தது. ஆனால், அன்று தோட்டப் பாடசாலைகள் அரசின் கையில் இல்லை. அவை அரசின் பொறுப்புக்கு மாறத் தொடங்கிய 1977இலேயே ஆட்சியும் மாறி, அச்சீர்திருத்தமும் கைவிடப்பட்டது. பந்தியில் எமக்கு இலை போடும் வேளையில் அடுப்பை அணைத்துவிட்டனர்.

சப்பிரகமுவத் தமிழருக்கோ இவற்றுக்கு மேலும் ஒரு துன்பம் உண்டு. நுவரெலியாவில் எம்மவர் திரளாக வாழ்கின்றனர். ஆதலால், தேர்தல் வரும்போதேனும் தலைவர்கள் மலையேறுகின்றனர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் எம் மக்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறுசிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கின்றனர். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வன்செயல் மூண்டபோது அச்சிதறலின் விலையை அவர்கள் தம் உடலாலும் உடைமையாலும் செலுத்தினர். வாக்குப் பலம் குறைந்த இடத்தில் வசதிகளும் குறைகின்றன. தமிழில் தொழில் கற்பதற்கு அட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் உண்டு. இரண்டையும் நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால், இறக்குவானையிலும் காவத்தையிலும் வாழும் ஏழைப் பிள்ளைக்கு அட்டன் பல மணிநேரப் பயணம். கிளிநொச்சி வேறொரு நாடு போன்றது. விடுதிச் செலவுக்குப் பெற்றோரிடம் பணமில்லை. அருகிலுள்ள பயிற்சி நிலையங்களிலோ பாடம் பெரும்பாலும் சிங்களத்திலேயே நடக்கிறது.

சட்டத்தில் இடமில்லை என்று எவரும் தட்டிக்கழிக்க முடியாது. 2013இல் உயர்தர வகுப்பில் தொழினுட்பத் துறை தொடங்கப்பட்டது. 2017இல் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் முன்னோடியாகச் சில பாடசாலைகளில் ஆரம்பமாயிற்று. சாதாரண தரத்தில் சித்தி பெறாதவரும் 12ஆம், 13ஆம் வகுப்புகளில் தொழிற்பாடம் கற்கலாம் என்று அத்திட்டம் கூறுகிறது. அதன் 26 தொழிற்பாடங்களுள் உலோக வேலையும் ஒன்று. கற்று முடிப்போர் தேசிய தொழிற்றகைமையின் 4ஆம் மட்டம் வரை செல்லலாம். அத்தகைமை ஏழு மட்டங்கள் கொண்ட ஏணி. அதன் உச்சி பட்டப்படிப்பு. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. சப்பிரகமுவத் தமிழ்மொழிப் பாடசாலைகளுள் எத்தனையில் தொழினுட்பத் துறை நடக்கிறது, எத்தனையில் பட்டறை இருக்கிறது, எத்தனையில் தமிழறிந்த போதனாசிரியர் இருக்கிறார் என்ற கணக்கை மாகாணக் கல்வித் திணைக்களம் வலயவாரியாக வெளியிடுமா? வெளியிட்டால் எம் வாதத்தில் மீதியை அக்கணக்கே கூறிவிடும்.

இனி, இத்தொழிலைப் பற்றிப் படித்தோர் சிலருக்குள்ள இளக்காரத்தையும் பேசியாக வேண்டும். வெல்டிங் என்பது தசைவலிமையாற் செய்யும் வேலை, மூளைக்கு அதில் என்ன வேலை என்று அவர்கள் கேட்கின்றனர். ஓர் உருக்குத் தகட்டை வாயுச் சுவாலையால் வெட்டுவதை எடுத்துக்கொள்வோம். ஒட்சிசனும் அசற்றிலீனும் கலந்தெரியும் சுவாலை 3,000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமுடையது. அச்சுவாலையே இரும்பை உருக்கி வெட்டுகிறது என்றுதான் காண்போர் எண்ணுவர். உண்மை வேறு. சுவாலை இரும்பைச் செந்தணலாகும்வரை சூடேற்றுகிறது. பின் அவ்விடத்தில் தூய ஒட்சிசன் பாய்ச்சப்படும்போது இரும்பே விறகைப் போல் எரிகிறது. எரிந்து உண்டாகும் ஒட்சைட்டு, இரும்பைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகுவதால், வாயுவின் வேகத்தில் வெளியே தள்ளப்படுகிறது, வெட்டு உண்டாகிறது. துருப்பிடிக்காத உருக்கு இம்முறைக்கு மசியாது; அதிலுள்ள குரோமியத்தின் ஒட்சைட்டு எளிதில் உருகாமல் தடையாய் நிற்பதே காரணம். ஒரே வெட்டில் எத்துணை இரசாயனம் அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

மின்வில் ஒட்டுதலும் அத்தகையதே. ஒட்டுக்கம்பியின் மேற்பூச்சு எரிந்து வாயுவாகி, உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கிறது. மின்னோட்டம் மிகுந்தால் தகடு ஓட்டையாகும். குறைந்தால் ஒட்டு மேலே குந்தியிருக்குமேயன்றி உள்ளே இறங்காது. ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் சட்டம் கோணும். எங்கே தொடங்கி எங்கே முடிப்பதென்று முன்னரே கணக்கிட வேண்டும். பௌதிகவியல், இரசாயனம், கேத்திரகணிதம், வரைபு அனைத்தும் இவ்வொரு கைவேலையில் வந்து கூடுகின்றன. கரும்பலகையிற் சோற்றுக்கணக்காய்த் தோன்றிய பாடம் பட்டறையில் உயிர் பெறும். விஞ்ஞான ஆய்வுகூடமில்லாத பாடசாலைக்கு நல்ல பட்டறையே ஓர் ஆய்வுகூடமாகவும் அமையும் என்போம்.

இத்தொழிலின் மேன்மைக்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. பலாங்கொடைக்கு அருகே, 1992இல் இயங்கத் தொடங்கிய சமனலவெவ நீர்மின் நிலையம் 120 மெகாவாற்று மின்சாரம் தரவல்லது. மலைமேலிருந்து பெருவேகத்துடன் இறங்கும் நீரைச் சிதறாமற் கொணரும் உருக்குக் குழாய் உருக்கியொட்டிய மூட்டுகளை நம்பியே நிற்கிறது. ஒரு மூட்டுப் பிளந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்ப்போர், அம்மூட்டை இட்டவனைக் கூலியாள் என்று அழைக்கத் துணியார். எம் மூதாதையர் பலர் புறப்பட்டு வந்த திருச்சிராப்பள்ளிச் சீமையில் இன்று மாபெரும் கொதிகலன் தொழிற்சாலை இயங்குகிறது. அங்கு 1975 முதல் உருக்கியொட்டலுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் நடந்து வருகிறது. காவிரிக்கரைத் தமிழன் கொதிகலன் செய்கிறான். களனிக்கரைத் தமிழன் அதற்கு விறகு போடுகிறான். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு பிறப்பிலன்று, பள்ளியிலேயே இருக்கிறது.

எம் கோரிக்கைக்கு மூன்று தடைகள் கூறப்படலாம். ஒவ்வொன்றையும் நேரே சந்திப்போம்.

முதலாவது தடை குலக்கல்வி பற்றியது. கூலியின் மகன் கைவேலை கற்கட்டும், துரையின் மகன் புத்தகம் படிக்கட்டும் என்பதற்கு இது வழிவகுக்காதா என்று எம் நண்பர்கள் சிலர் ஐயுறுகின்றனர். அவ்வையம் நியாயமானது. 1953இல் சென்னை மாகாணத்தில் இராசாசி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பாதிநேரம் பள்ளியும் மீதிநேரம் தகப்பன் தொழிலும் என்றது. தமிழகம் கொதித்தெழுந்தது, 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அதனைக் கைவிட்டார். அப்போராட்டத்தின் பாடத்தை நாம் மறந்தோமல்லோம். ஆனால், பேதத்தை உணர வேண்டும். தகப்பன் தொழிலை மகன்மேற் சுமத்துவது குலக்கல்வி. தகப்பனுக்கு மறுக்கப்பட்ட தொழிலை மகனுக்குத் திறந்துவிடுவது விடுதலைக் கல்வி. எனினும், ஒரு நிபந்தனையின்றி இப்பாடத்தை நாம் ஏற்கோம். இது பரீட்சையிற் தோற்றவனைத் தள்ளிவிடும் பின்வாசலாக இருத்தல் கூடாது. கணிதத்திற் சிறந்த மாணவனும் விரும்பிச் சேரும் பாடமாக இருத்தல் வேண்டும். சேர்ந்தவன் பின்னர் மனம் மாறினால் வேறு துறைக்குச் செல்லும் வழி அடைபடலாகாது. பலாங்கொடைத் தோட்டங்களிலிருந்து கூப்பிடு தூரம் எனத்தக்க பெலிகுலோயாவிலே சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தொழினுட்பப் பீடமும் உண்டு. எம் பிள்ளை இரும்பைத் தொடும் முதல் நாளிலேயே அப்பீடத்தின் வாசலும் அவன் கண்ணிற் படவேண்டும்.

இரண்டாவது தடை ஆபத்து. இதையும் நாம் இலேசாகத் தள்ளவில்லை. மின்வில்லின் ஒளி கண்ணைச் சுடும். உருக்கியொட்டற் புகை புற்றுநோய் விளைப்பதென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017இல் தீர்மானித்தது. நாகம் பூசிய தகட்டை அப்படியே சூடாக்கினால் எழும் வெண்புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும். எண்ணெய் இருந்த பீப்பாயை வெறுமையென்று நம்பி வெட்டப்போய் வெடித்து மாண்டவர் உலகெங்கும் உண்டு. ஒட்சிசன் உருளையின் வாயில் எண்ணெய்க் கையை வைத்தாலும் தீ மூளலாம். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இரத்தினபுரியில் நனைந்த நிலத்தில் நின்று மின்சாரத்தோடு வேலை செய்வது எமனோடு விளையாடுவதாகும்.

இவையெல்லாம் உண்மை. அதனாலேயே பாடசாலை வேண்டும் என்கிறோம்! நாகப்பூச்சை முதலில் நீக்க வேண்டும் என்பதை வீதியோரப் பட்டறையில் யார் அவனுக்குச் சொல்லித் தருவார்? கருங்கண்ணாடிக் கவசம், தோற்கையுறை, தோலாடை, மூடிய சப்பாத்து, புகையை இழுத்தெறியும் விசிறி, உலர்ந்த உயர்தளம், மின்தடைக் காப்பு என்பன இன்றி ஒரு வகுப்பும் தொடங்கலாகாது. ஓர் ஆசிரியரிடம் ஒரே வேளையில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் விடலாகாது. முதல் மாதங்களில் அளத்தலும் வரைதலும் அரத்தால் இழைத்தலும் மட்டும் கற்பிக்கப்பட்டு, பாதுகாப்புப் பரீட்சையில் தேறிய பின்னரே மாணவன் கையில் ஒட்டுக்கம்பி கொடுக்கப்படல் வேண்டும்.

கற்றல் வேறு, வேலை வாங்குதல் வேறு என்பதையும் திட்டவட்டமாகக் கூறுகிறோம். கட்டாயக் கல்வியின் வயதெல்லை இந்நாட்டில் 2016இல் 16 ஆயிற்று. வேலைக்கமர்த்தும் குறைந்த வயதும் 2021இல் 16 ஆக்கப்பட்டது. சர்வதேசத் தொழில் அமைப்பின் 138ஆம் இலக்கச் சமவாயம் பாடசாலைக்குள் கல்வியாக நடக்கும் தொழிற்பயிற்சிக்கு இடமளிக்கிறது. அவ்விடத்தைக் கவசமாக்கி, பயிற்சி என்ற பெயரில் மாணவரைத் தொழிற்சாலைகளுக்கு இலவசக் கூலிகளாக அனுப்ப எவரேனும் முயன்றால், அதனை முதலில் எதிர்ப்போர் நாமாகவே இருப்போம்.

மூன்றாவது தடை பணம். எல்லாத் தோட்டப் பாடசாலைகளிலும் பட்டறை கட்டும்படி நாம் கேட்கவில்லை. பலாங்கொடை, இறக்குவானை, இரத்தினபுரி, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, கேகாலை ஆகிய பகுதிகளில் பகுதிக்கொரு தமிழ்ப் பாடசாலையைத் தெரிந்து, அங்கே பட்டறை அமைத்துச் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் அனைவரும் கிழமையில் இரண்டு நாட்கள் அங்கு வந்து கற்க வழிசெய்தால் போதும். அன்றுபோல் ஆளுயர மின்மாற்றிகள் இப்போது தேவையில்லை. ஒருவர் கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறு இயந்திரங்கள் வந்துவிட்டன. பயிற்சிக்கான இரும்பைப் புதிதாய் வாங்கவும் வேண்டுவதில்லை. மூடப்பட்ட தொழிற்சாலைகளிலும் கழிவுக் கொட்டில்களிலும் துருவேறிக் கிடக்கும் தகடுகளும் கோணச்சட்டங்களும் போதும். 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகள் அவ்விரும்பைப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்து விற்பதற்கு முன், ஒரு பங்கைப் பாடசாலைக்குத் தந்தால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? தோட்டத்திலேயே திறமான இயந்திர வேலையாளர் கிடைப்பது அவர்களுக்கும் ஆதாயமன்றோ!

போதனாசிரியருக்கு எங்கே போவது என்பர். தோட்டத் தொழிற்சாலைகளில் இயந்திரம் பார்த்து ஓய்வுபெற்றோரும், வளைகுடா நாடுகளிலும் கொழும்புத் துறைமுகத்திலும் உழைத்துத் திரும்பியோரும் எம்மிடையே உள்ளனர். தேசிய தொழிற்றகைமை முறையில், வேலைத்தளத்திற் பெற்ற அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கவும் வழியுண்டு. அவர்களுக்கு அச்சான்றிதழைப் பெற்றுக்கொடுத்து, கற்பிக்கும் முறையிலும் பயிற்சி அளித்து, பகுதிநேரப் போதனாசிரியர்களாக நியமிக்கலாம். பாடநூல், செயன்முறைக் கட்டளைகள், தகைமைப் பரீட்சை மூன்றும் தமிழில் இருத்தல் இன்றியமையாதது. ஆபத்து அறிவித்தலை அந்நிய மொழியிற் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு பிள்ளையைக் கேட்பது கொடுமை. அதனோடு தொழிலுக்கு வேண்டிய சிங்களமும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டால் அவன் நாட்டின் எம்மூலையிலும் தலைநிமிர்ந்து வேலை செய்வான்.

இங்கே பிள்ளைகள் என்று நாம் கூறும்போது பெண்களையும் சேர்த்தே கூறுகிறோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கப்பற் தளங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் கப்பல்களை உருக்கியொட்டினர். நாளெல்லாம் மலைச்சரிவில் நின்று இரண்டு இலையும் ஒரு மொட்டும் பிழையாமற் கிள்ளும் விரல்களின் மகளுக்கு, நேர்கோட்டில் ஓர் ஒட்டு இடுவதற்கான நிதானம் இல்லையென்று எவர் கூறுவார்?

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இப்பாடம் வந்துவிட்டால் தோட்டத்து வறுமை மறுநாளே ஒழிந்துவிடாது. நியாயமான சம்பளத்துக்கும் சொந்தக் காணிக்கும் வீட்டுக்குமான போராட்டங்கள் தொடர்ந்தே ஆகவேண்டும். விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியர் பற்றாக்குறையும் தீர்க்கப்பட வேண்டும். அவற்றுக்கு மாற்றாக இதைக் காட்டி எவரும் எம்மை ஏமாற்ற இடங்கொடோம். ஆனால், அவை நிறைவேறும்வரை ஆண்டுதோறும் பாடசாலை வாசலைத் தாண்டி வெளியேறும் பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள். காலமும் அவர்களுக்காகக் காத்திராது.

ஆதலால், எம் வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். தத்தம் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். தொழிற்சங்கங்கள் கொடியின் நிறத்தை மறந்து இதற்கு ஒரே குரலிற் பேசட்டும். பாராளுமன்றத்திலும் மாகாண அலுவலகத்திலும் எம் பேரால் அமர்ந்திருப்போர், வரும் ஆண்டுக்கான கல்வி ஒதுக்கீட்டில் முதற் பட்டறைக்கேனும் இடம் தேடிக் கொடுக்கட்டும். ஆறு பட்டறைகள் ஒரே ஆண்டில் எழாவிட்டாலும் ஒன்றாவது எழட்டும். அதிலிருந்து சான்றிதழோடு வெளிவரும் முதல் அணியே மற்றவற்றை எழுப்பும்.

எம் மக்கள் காட்டை வெட்டித் தோட்டமாக்கினர். பாறையை உடைத்துப் பாதையாக்கினர். இரும்பை வசமாக்கும் கல்வியையும் அவர்தம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அதைப் பிச்சையாகக் கேட்கவில்லை, உரிமையாகவே கேட்கிறோம்.